திரும்பிப் பார்க்காத தாய்க்கழுதை

கண்ணா,

நலமா என்று கேட்டுத் தொடங்க முடியவில்லை. நீ அடுத்த அறையில் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தில் இருக்கிறாய். குறட்டைச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது, நலமாகத்தான் இருக்கிறாய். எழுந்து வந்து உன்னை எழுப்பி உட்காரவைத்துச் சொல்லிவிடலாம். அது எனக்கு வராது. வருவதாக இருந்தால் இத்தனை வருஷத்தில் வந்திருக்கும். உனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் உனக்கே கடிதம் எழுதுவது பைத்தியக்காரத்தனம் என்பதும் எனக்குத் தெரிகிறது. சென்னையிலிருந்து பத்திரிகைக்காரர்கள், குழந்தைகள் மனசை நீங்கள் இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். பலமுறை தொடங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அது உன்னிடம்தான் வந்து நின்றது. சரி, உனக்கே எழுதிவிடுகிறேன், அவர்களுக்குப் பிடித்தால் போடட்டும். அச்சில் வருவதற்குள் உங்கள் கல்யாணம் முடிந்திருக்கும், பூரணி வாசித்துக் காட்டுவாள். கல்யாணமான புதிதில் பெண்டாட்டி சொல்வதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும். நடுவில் போனை எடுக்காதே.

பூரணி முதல்முதலாக நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தாளே, அன்றிலிருந்தே எனக்கு மனசு சரியில்லை. டெல்லி துவாரகாவில் இந்த பிளாட்டுக்கு வந்த பிறகு நம் வீட்டில் கலகலவென்று ஒரு தமிழ்ச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். திருநெல்வேலிப் பெண், வாய் ஓயாமல் பேசினாள். ஹாலில் மாட்டியிருக்கும் கழுதைப் படத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. "அத்தே, இது சுண்டல்லா!" என்றாள், என் கதைக் கழுதையின் பெயரைச் சொல்லி. பிறகு படத்துக்கு அடியில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். "நெசமாவே நீங்கதானா? இவங்க எங்கிட்ட சொல்லவே இல்லையே!" உன் அம்மா என்ன செய்கிறார் என்று அவள் கேட்டபோது, வீட்டில்தான் இருக்கிறார், கொஞ்சம் டிராயிங் பண்ணுவார் என்று சொல்லியிருக்கிறாய். பொய்யில்லை. கொஞ்சம் டிராயிங்தான் பண்ணியிருக்கிறேன்.

சாப்பாட்டு மேஜையில் அவள் என் கதைகளை மனப்பாடமாக ஒப்பித்தாள். மூன்றாம் வகுப்பில் அம்மை போட்டுப் படுத்திருந்தபோது அவளுடைய அப்பா தினமும் சுண்டல் கதை வாசித்துக் காட்டினாராம். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு உள்ளூரப் பெருமைதான், மறைப்பானேன். அப்போதுதான் அவள் உன் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டாள். "நான் ஒண்ணுகூட படிச்சதில்ல பூரணி. எனக்குத் தமிழ் படிக்க வராதுல்ல" என்றாய். கோபமில்லை, வருத்தமில்லை, ரசம் ஊற்றச் சொல்வது போலச் சொல்லிவிட்டு அப்பளத்தை ஒடித்தாய். அவள் வேடிக்கைக்குச் சொல்கிறாய் என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "இன்னும் கொஞ்சம் கூட்டு வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

நீ கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த ஹிந்தி, தெரியாது என்பதற்கான 'மாலும் நஹீ' ஒன்றுதான். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் உன் அப்பாவைக் காலையில் ஆபீசுக்கு அனுப்பிவிட்டால் சாயங்காலம் வரை சுவரோடுதான் பேச்சு. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா ஏதாவது கேட்டால் 'மாலும் நஹீ' என்பேன். அவரும் பாவம், இந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே தெரியாது போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். அந்தப் பேசாத நாட்களில்தான் வரைய ஆரம்பித்தேன். ஊரில் விட்டுவந்த அக்கா குழந்தைகளுக்காக ஒரு காக்காய்க் கதையை வரைந்து அனுப்ப, அக்கா அதை ஒரு சிறுவர் பத்திரிகைக்கு அனுப்பிவிட, அவர்கள் இன்னும் வேண்டும் என்று எழுதினார்கள். இப்படித்தான் நான் எழுத்தாளர் ஆனேன். உலகத்தில் நான் வாய் திறந்து பேசுவதற்கு அந்த ஒரு வழிதான் இருந்தது. அதனால்தான் பிடித்த பிடியை விடவில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை, நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்கிறேன்.

நீ பிறந்து, நடந்து, வாய் ஓயாமல் பேசத் தொடங்கியிருந்தாய். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கட்டட வேலை நடந்தது. செங்கல் சுமக்கக் கழுதைகளைக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு நாள் நீ என் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாய். "மம்மி, தேக்கோ! உஸ்கா ஏக் கான் டூட்டா ஹுவா ஹை!" ஒரு குட்டிக் கழுதை, ஒரு காது நிமிர்ந்தும் இன்னொன்று மடங்கியும் நின்றது. காது ஒடிந்துபோய்விட்டதே என்று உனக்கு அழுகையே வந்துவிட்டது. அது நவராத்திரி சமயம். கொலு பார்க்கப் போன வீட்டில் கொடுத்த சுண்டலைப் பொட்டலத்தோடு வைத்திருந்தாய். எல்லாவற்றையும் அதற்கே கொடுத்தாய். அப்புறம் தினமும் சுண்டல் எங்கே, சுண்டல் எங்கே என்று கேட்பாய். சுண்டலைக் கேட்கிறாயா, கழுதையைக் கேட்கிறாயா என்று எங்களுக்கே குழப்பம். பெயர் வைத்தவன் நீ. கண்டுபிடித்தவன் நீ. பூரணி, இந்த இடத்தைக் கொஞ்சம் மெதுவாக வாசி அம்மா.

அந்தக் குட்டியை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு நான் தமிழ்நாட்டுக்கு அனுப்பிவிட்டேன். டெல்லிக் கட்டடமும் செங்கல்லும் நம்மூர்க் குழந்தைகளுக்கு ஒட்டாது என்று நினைத்து, பனைமரம் வரைந்தேன், கண்மாய்க்கரை வரைந்தேன். தாய்க்கழுதையின் முதுகிலிருந்த செங்கல்லை இறக்கிவிட்டுத் துணி மூட்டையை ஏற்றினேன். சுண்டல் கொடுக்கிற பையனுக்கு ஒரு கால்சட்டை மாட்டி முத்து என்று பெயர் வைத்தேன். புத்தகம் வந்ததும் நீ அந்தப் பையன் மேல் விரலை வைத்து, "இது நானா?" என்று கேட்டாய். "இல்லடா, இது முத்து" என்றேன். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என் குடியா முழுகிப்போயிருக்கும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் புத்தகங்கள் எல்லாவற்றிலும் சுண்டலின் அம்மா நமக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கும். முன்னால் அம்மா மூட்டையோடு போகும், பின்னால் சுண்டல் ஓடிவரும். இதைப் பெரிய உத்தி என்று பெரியவர்கள் பாராட்டி எழுதியிருக்கிறார்கள், தாயைப் பின்தொடரும் குழந்தையின் பார்வை என்று. அதெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. அந்தப் பெரிய கழுதைகள் சுமையோடு நம்மைத் தாண்டிப் போகும்போது நான் பார்த்ததெல்லாம் முதுகும் வாலும்தான். முகம் வரைந்து பார்த்தேன், மாடு மாதிரி வந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். நாளடைவில் அதுவே என் பாணி ஆகிவிட்டது.

உன் படிப்புக்கு வருகிறேன். பக்கத்திலேயே, நடந்து போகிற தூரத்தில், தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. ஆனாலும் உன்னை பஸ்ஸில் ஏற்றி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்பினோம். "வீட்ல பேசறதுதானே, தமிழ் தானா வரும்" என்றார் உன் அப்பா. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், நானும் தலையாட்டினேன். எழுத்தை நான் வீட்டில் சொல்லித்தருவதாக ஏற்பாடு. அந்தச் சமயத்தில்தான் அகர வரிசைப் படப்புத்தகம் ஒன்று வரைந்துகொண்டிருந்தேன். எத்தனையோ குழந்தைகள் அதைப் பார்த்துத்தான் எழுத்துக் கற்றார்கள் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நீ சிலேட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்பாய். "இரு கண்ணா, பார்சல் அனுப்பணும்." சாயங்காலம் வருவாய். "அச்சா, நாளைக்கு. இப்ப வெளிய போய் விளையாடு." நீயும் சமர்த்தாகப் போய் விளையாடுவாய். மை காய்வதற்காகத் தரையில் பரப்பியிருந்த படங்களை மிதிக்காமல், ஓரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போவாய். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்களே, அதை நம்பிக் கெட்டவள் நான். தானேதான் வளர்ந்தாய். அது எப்படி வளர்கிறது என்று பார்க்கத்தான் நான் அங்கே இல்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். நீ இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தாய். கோல் மார்க்கெட் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சின்ன நூலகம் நடத்தினார்கள். அதன் விழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் மைக் சரியில்லாமல் எல்லாரும் காத்திருந்தோம். அந்த நேரத்தில் நீ ஓர் ஓரமாக, உன்னைப் போலவே தமிழ் வாசிக்கத் தெரியாத நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்துக்கொண்டு என் புத்தகத்தைப் பிரித்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாய். எழுத்து தெரியாதே தவிர, படம் தெரியுமே. படத்தைக் காட்டிக் காட்டி ஹிந்தியில் சொன்னாய். சுண்டல் பின்னாலிருந்து மம்மி, மம்மி என்று கூப்பிடுகிறது. "உஸ்கி மம்மி கபீ பீச்சே முட்கே நஹீ தேக்தீ" என்றாய். அதன் மம்மி ஒருநாளும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏன் என்று ஒரு சிறுமி கேட்டாள். "முதுகில் செங்கல் இருக்கிறதில்லையா, திரும்பினால் விழுந்துவிடும். பாவம் மம்மி" என்று அதையும் ஹிந்தியில் சொன்னாய். அந்தப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தன. என் கதைக்குக்கூட யாரும் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "தப் சுண்டல் நே சோச்சா..." என்று அடுத்ததை ஆரம்பித்தாய். அப்போது சுண்டல் யோசித்தது, என்று.

பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, உங்க பையனே கதைய மாத்திட்டானே? தமிழ் எழுத்தாளர் வீட்லயே ஹிந்தியா?" வெட்கம் பிடுங்கித் தின்றது எனக்கு. விறுவிறுவென்று போய் உன் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினேன். "செங்கல் இல்லடா, துணி மூட்டை. கதை தெரியலன்னா சும்மா இரு" என்றேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. நீ அழவில்லை. "சாரி மம்மி" என்று சொல்லிவிட்டு எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டாய். நான் மேடையேறி, குழந்தைகளின் கற்பனைக்கு அணை போடக் கூடாது என்று பேசினேன். கைதட்டினார்கள். நீயும் தட்டினாய், எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நீ என் புத்தகம் எதையும் திறந்து நான் பார்க்கவில்லை. சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. சொன்னதைக் கேட்கிற நல்ல பிள்ளையாக ஆகிவிட்டாய். எல்லாரும் பையன் தங்கம் என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். சைக்கிள் ஓட்டக் கற்றதும் என் பார்சல்களைத் தபால் ஆபீசுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உன் வேலை. உள்ளே என்ன கதை என்று ஒருநாளும் கேட்டதில்லை. மழையில் நனைந்து வந்தாலும் பார்சலைச் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றிவிடுவாய். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எனக்குக் கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் குட்டியாக ஒரு சுண்டல் வரைந்து பதில் போடுவேன். உன் பிறந்தநாளுக்கு மட்டும் சரோஜினி நகர் மார்க்கெட்டில் அச்சடித்த வாழ்த்து அட்டை வாங்கினேன். வரைய நேரமில்லையே என்று அப்போது தோன்றியது. எழுதும்போது இப்போது கை கூசுகிறது.

கல்யாணத்துக்கு நிற்கும் பிள்ளைக்குப் பெற்றவர்கள் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு ஏது யோக்கியதை? ஆனாலும் பட்டவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். யாராவது ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், முடிக்க விடு. தப்பாகச் சொன்னாலும் தப்பாகவே முடிக்கட்டும். பூரணி ஆபீஸ் கதையை வளவளவென்று சொன்னாலும், முடிவு உனக்கு முன்பே தெரிந்திருந்தாலும், குறுக்கே போகாதே. நாளைக்கு உங்களுக்கு ஒரு குழந்தை பிறந்து, நிலாவைத் தோசை என்று சொன்னால் தோசைதான். திருத்துவதற்குப் பள்ளிக்கூடமும் ஊரும் வரிசையில் நிற்கின்றன, வீட்டிலும் ஒருவர் எதற்கு? நீங்கள் இரண்டு பேரும் கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் துபாய்க்குப் போய்விடுவீர்கள். அங்கே உங்கள் பிள்ளை அரபியில் கதை சொன்னாலும் உட்கார்ந்து கேளுங்கள். புரியாவிட்டால் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

இவ்வளவு எழுதியதை உன் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "கல்யாண நேரத்துல இதெல்லாம் எதுக்கு? அவன் எப்பவோ மறந்திருப்பான்" என்றார். "அவன் மறந்திருந்தா எனக்கு ஏன் மறக்கல?" என்று கேட்டேன். அவர் காப்பி போடப் போய்விட்டார். அவர் காப்பி போடுவது உனக்குத் தெரியுமே, எப்போது நடக்கும் என்று.

பதிப்பகத்தார் கடைசியாக ஒரு சுண்டல் புத்தகம் கேட்கிறார்கள். என் கை இப்போதெல்லாம் நடுங்குகிறது. நீ பார்த்திருப்பாய், கேட்டால் நான் சிடுசிடுப்பேன் என்று கேட்காமல் இருக்கிறாய். நடுங்கினாலும் பரவாயில்லை, இந்தப் புத்தகத்தில் அந்தத் தாய்க்கழுதையை இந்தப் பக்கம் திருப்பிவிடலாம் என்று போன வாரம் உட்கார்ந்தேன். இப்போது எனக்குக் கழுதை முகம் வரையத் தெரியும். எத்தனையோ வரைந்து பழகிவிட்டேன். ஆனாலும் வரவில்லை. கூப்பிட்ட பிள்ளையை அத்தனை நேரம் கழித்துத் திரும்பிப் பார்க்கிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தாள் அப்படியே மேஜையில் கிடக்கிறது. என் கதைகளில் எந்த வரியைக் கேட்டாலும் சொல்லுவேன், முன்பின் தெரியாத பிள்ளைகள் எழுதிய கடிதங்கள்கூட ஞாபகமிருக்கின்றன. என் பிள்ளை சொன்ன ஒரே ஒரு கதை மட்டும் எனக்குப் பாதிதான் தெரியும். மீதியைச் சொல்லவிடாமல் பிடுங்கியவள் நானே.

உனக்கு அது மறந்திருக்கலாம். மறந்துவிட்டது என்றால் அப்படியே சொல், நான் தாங்கிக்கொள்வேன். ஞாபகமிருந்தால், துபாய்க்குப் போவதற்கு முன்னால் ஒரு நாள் என் பக்கத்தில் வந்து உட்கார். ஹிந்தியிலேயே சொல். இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்ததில் அதைப் புரிந்துகொள்கிற அளவுக்காவது தேறியிருக்கிறேன். நீ விட்ட இடம் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. சுண்டல் பின்னாலிருந்து கூப்பிடுகிறது. அம்மாவின் முதுகில் செங்கல். ஆமாம் கண்ணா, செங்கல்தான், துணி மூட்டை இல்லை, நீ சொன்னதுதான் சரி. திரும்பினால் விழுந்துவிடும். அப்போது சுண்டல் யோசித்தது.

என்ன யோசித்தது?

இந்தத் தடவை குறுக்கே பேசாமல் கேட்கப்போகும்,
அம்மா